கொழும்பு மழையில் இறைச்சிக்குப் புகை போட: பீப்பாவா, செராமிக் அடுப்பா, மின் பெட்டியா?

ஐப்பசியில் கொழும்பில் மழை எப்போது வரும் என்று கொட்டாஞ்சேனைச் சிறுவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்: பின்னேரம். காலையில் வெயில் எரிக்கும். மூன்று மணி போல வானம் இருண்டு இடியோடு கொட்டும். 3 கிலோ பன்றித் தோள் துண்டு 110 பாகை செல்சியஸ் சூட்டில் பிய்க்கிற பதத்துக்கு வர எட்டு முதல் பத்து மணி நேரமாகும். காலை ஏழுக்கு அடுப்பு மூட்டினால் கடைசி இரண்டு மணி நேரம் மழைக்குள்தான். அதனால் ஸ்மோக்கர், அதாவது இறைச்சிக்குப் புகை போடுகிற அடுப்பு, வாங்கப் போகிறவர்கள் எத்தனை தட்டு, என்ன நிறம் என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: நனைந்தால் இது சூட்டைப் பிடித்து வைக்குமா?

என்னிடம் இருப்பது பீப்பா. 200 லீற்றர் எண்ணெய்ப் பீப்பாவை நெடுக்காக வெட்டி, கீல் வைத்து, கால் பூட்டி, வெல்டிங் கடையில் செய்வித்தது. விலை குறைவு, இடம் தாராளம், இரண்டு தோள் துண்டும் நான்கு கோழியும் ஒன்றாக வைக்கலாம். வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். சமையல் எண்ணெய் இருந்தது என்றால் சரி, இரசாயனம் இருந்தது என்றால் தொடவே வேண்டாம். வெளிப் பெயின்டையும் உள் பூச்சையும் ஒரு பெரிய தீ மூட்டி முழுதாக எரித்துவிட்டுத்தான் இறைச்சி வைக்க வேண்டும். நாகம் (சிங்க்) பூசிய தகட்டில் தட்டு செய்து தருகிறேன் என்பார்கள், அதுவும் வேண்டாம். சூட்டில் அதன் புகை நஞ்சு.

ஆனால் மழையில் பீப்பா பாவம். சுவர் ஒரு மில்லிமீற்றர் சொச்சம்தான். ஒரு கணக்குப் பாருங்கள். படுக்க வைத்த பீப்பாவின் மேற்பரப்பில், மேலிருந்து பார்த்தால், அரை சதுர மீற்றர் இடம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது 10 லீற்றர் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,500 கிலோஜூல் வேண்டும், அதாவது 80 கிராம் கரியின் சூடு. பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும் என்றாலும், ஓடுகிற தண்ணீரும் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறது. நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கவே 120 பாகை 85க்கு இறங்கியிருக்கிறது. பதறிப்போய்க் கரியை அள்ளிப் போட்டால் இன்னும் மோசம். புதுக் கரி பற்றும்வரை வருகிற தடித்த வெள்ளைப் புகை இறைச்சியைக் கசப்பாக்கிவிடும். நமக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகிற நீலப் புகை. வேறொரு சிறு சட்டியில் தணலாக்கி எடுத்துப் போடுவதே வழி.

செராமிக் அடுப்பு, கமாடோ என்கிறார்களே, முட்டை வடிவில், அது முற்றிலும் வேறு சாதி. வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் அதில் சமைத்திருக்கிறேன். தடித்த சுவர் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது. காற்றுத் துவாரங்கள் சிறியவை, ஒருமுறை நிரப்பிய கரி பன்னிரண்டு மணி நேரம் நிதானமாக எரியும். அன்று நல்ல மழை. வெப்பமானி நான்கைந்து பாகைதான் ஆடியது. மேல் துவாரத்துக்கு ஒரு தொப்பி மட்டும் வேண்டும், இல்லாவிட்டால் துளிகள் நேரே தணலில் விழும். குறை இரண்டு. விலை, பீப்பாவைப் போலப் பல மடங்கு. அடுத்தது, மழைக்காலம் முழுக்க மூடாமல் வெளியே விட்டால் ஈரம் ஊறும். அந்த நிலையில் ஒரேயடியாகப் பெருந்தீ மூட்டினால் சுவர் வெடிப்பு விடலாம். முதல் முறை மெதுவாகச் சூடேற்றுங்கள்.

மின் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விறாந்தையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் சூடு சீராக நிற்கும். மீனுக்கு அருமை. கோழிக்குப் பரவாயில்லை, தோல்தான் ரப்பர் மாதிரி வரும். ஆனால் இடி மழையில் கறன்ட் போனால் பாதி வெந்த இறைச்சியோடு நிற்க வேண்டும், ஈரம் பட்டால் ட்ரிப் ஸ்விட்ச் விழும்.

எதை வாங்கினாலும் கூரை வேண்டும். இங்கே பலர் தறப்பாள் கட்டுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் தேங்கித் தொய்ந்து சூடான மூடிக்குமேல் வரும், உருகும், பற்றும். சுவரோரம் நாலு தகரம் போட்டு, மூன்று பக்கமும் திறந்த ஒரு பத்தி இறக்குங்கள், மூடியைத் திறந்தாலும் தலைக்கு மேல் ஒரு மீற்றர் இடம் இருக்கட்டும். பத்தி வந்த பிறகு என் பீப்பாவின் குறையில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் காற்று. வைகாசி, ஆனியில் கடற்பக்கம் இருந்து வீசுகிற தென்மேற்குக் காற்று துவாரத்துக்குள் புகுந்தால் கரி கொழுந்துவிட்டு எரியும். துவாரத்தைக் கிழக்கே திருப்பி வையுங்கள். மழைக்குப் பயந்து கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ மூடிய பல்கனிக்குள்ளோ தூக்கிப் போகவே கூடாது. கரி விடுகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆள் மயங்கிய பிறகுதான் தெரியும்.

எரிபொருளுக்கு எல்லாருக்கும் ஒரே பதில்: சிரட்டைக் கரி. நல்ல சூடு, புகை குறைவு. மணத்துக்கு மேலே இரண்டு துண்டு கறுவாத் தடி, பட்டை உரித்தது. கரிப் பையை வாய் கட்டி வீட்டுக்குள் வையுங்கள், திறந்து கிடந்தால் கொழும்புக் காற்றிலேயே ஈரம் இழுத்துவிடும்.

அப்படியும் தீ அணைந்தால், இறைச்சியின் உள்சூடு 60 பாகைக்குக் கீழே மொத்தம் நான்கு மணி நேரத்துக்குமேல் நிற்க விடாதீர்கள். அலுமினியத் தாளில் சுற்றி, குசினி ஓவனில் 120 பாகையில் வையுங்கள். புகை மணம் முதல் மூன்று நான்கு மணி நேரத்திலேயே ஏறிவிடும், மிச்ச வேலை வெறும் சூடுதான். உள்ளே 93 பாகை வந்ததும் எடுங்கள்.

காசு இருந்து, மாடியில் திறந்த இடமும் இருந்தால் செராமிக்கை வாங்குங்கள். முற்றம் இருந்து காசு அளவாக இருந்தால், பீப்பாவுக்கு முன் பத்தியைப் போடுங்கள். பிளாட்டில் விறாந்தை மட்டும்தான் என்றால் மின் பெட்டி, அதுவும் மேல் வீட்டார் கொடியில் உடுப்புக் காயப்போடாத நாளில்.