கையெழுத்துக்கு முன் ஒரு நட்டு: பணிநெறிப் பயிற்சித் தொகுப்பு, ஒரு மதிப்பீடு

பொறியியல் மாணவர்களுக்குப் பணியிட நெறிமுறை கற்பிக்க வரும் தொகுப்புகளில் பெரும்பாலும் ஸ்லைடும் வினாத்தாளும்தான் இருக்கும். இதில் ஒரு சாமான் பெட்டியும் உண்டு. கொடுத்த காசு அதற்குத்தான் தகும்.

பெட்டிக்குள் இரண்டு அட்டை உத்தரம், மரை போட்ட கம்பிகள், நட்டு, வாஷர், இரண்டு ஒரு கிலோ எடைக்கற்கள். பாடம், 1981 ஜூலை 17 அன்று கான்சாஸ் சிட்டி ஹையாட் ரீஜென்சி ஹோட்டலில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்த விபத்து. முதல் வரைபடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கம்பி. பிறகு அதை இரண்டாக்கி, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையிலேயே தொங்கவிட்டார்கள். ஒரே கம்பியில் மாட்டிப் பாருங்கள்: மேல் நட்டுக்கு ஒரு கிலோதான், அட்டை அசையாது. இரண்டு கம்பியில் அதே நட்டுக்கு இரண்டு கிலோ. அட்டை மெல்ல வளைய, நட்டு ஓட்டையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கெடுப்பது முதல் ஸ்லைடு. இடிபாட்டின் படத்தைப் பார்த்தபின் மாற்றிய வரைபடத்துக்கு ஒப்புதல் கையெழுத்தை எவர் போடுவார்? அதை எடுத்துவிடுங்கள். ஹோட்டல் பெயர் இல்லாத, மாற்றப்பட்ட வரைபடத்தை நான்கு பேர் குழுவுக்குக் கொடுத்து, "பட்டறை காத்திருக்கிறது" என்று பத்து நிமிடத்தில் ஒப்புதல் கேளுங்கள். எடைக்கல் அதற்குப் பிறகுதான்.

ஆசிரியர் கையேட்டில் பெரிய ஓட்டை ஒன்று: பழி முழுதும் கம்பியை மாற்றியதன் மேல். முதல் வடிவமைப்பே கட்டட விதி கேட்ட வலுவில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும். அதைச் சொல்லாவிட்டால், அந்த இணைப்புக்கு யாருமே கணக்குப் போடவில்லை என்ற விஷயம் நழுவிவிடும்.

சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்டு வெடித்ததற்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27, ஏவலாமா என்று நடந்த தொலைபேசிக் கூட்டத்தை நடித்துக்காட்டும் பகுதி பரவாயில்லை. ஏவுவதை எதிர்த்துப் பேசிய பொறியாளர் வேடத்துக்குத்தான் போட்டி; வகுப்பின் கெட்டிக்காரருக்கு மேலாளர் வேடத்தைக் கொடுத்தால்தான் வாதம் சூடுபிடிக்கும். ஓ-ரிங் (ராக்கெட் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) சேதமான ஏவுதல்களின் வெப்பநிலை மட்டுமே தாளில் இருக்கிறது. சேதமில்லாதவை எல்லாம் 65 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நடந்தவை. அவற்றையும் சேர்த்தால்தான் குளிரின் பங்கு கண்ணில் படும்.

வினாத்தாள் வீண். லஞ்சம் வாங்கலாமா என்றால் எல்லோரும் முழு மதிப்பெண். அளவீட்டுப் பதிவேட்டை மறுநாள் குத்துமதிப்பாக நிரப்புவது, ஒத்துவராத ரீடிங்கை விட்டுவிடுவது போன்ற அன்றாடச் சங்கதி ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு முறையும் ஓர் உத்தரம் கிழியும். மாற்று அட்டையை அதே தடிமனில் வெட்டுங்கள். கொஞ்சம் தடித்தாலும் இரண்டு கிலோவைத் தாங்கி நின்றுவிடும்.