தேடினாலே விழுந்த லேப்டாப்: எட்டு வருட அனுபவம்

தக்கலையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் என் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்கேனிங். பத்திர எழுத்தர்கள் கையால் எழுதித் தருகிற வரைவை அடித்துக் கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடையில் இருந்தது டெஸ்க்டாப். ரப்பர் மரமும் மின்கம்பமும் சேர்ந்து சாய்ந்து கிடந்தன, கரண்ட் வருவதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது. யுபிஎஸ் முதல் மணி நேரத்திலேயே கையை விரித்துவிட்டது. 2018 ஜனவரியில் முப்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து இந்த லேப்டாப்பை வாங்கினேன். ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு அருமை. நாள் முழுக்கத் தமிழ் அடித்தும் ஒரே ஒரு கீயில்தான் எழுத்து அழிந்திருக்கிறது. திரையின் கீல் ஒருமுறை உடைந்தது, மாற்றியாயிற்று. பேட்டரி இப்போது மூன்றாவது. ஜூனிலும் ஒரு மழை, ஐப்பசியிலும் ஒரு மழை என்று வருஷத்தில் பாதி நாள் ஈரக்காற்று வீசுகிற ஊரில் இவ்வளவு தாங்கியதே பெரிது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஃபைல் சர்ச். இந்தத் தொழிலில் ஃபைல் கையில் கிடைக்கவில்லை என்றால் மரியாதை போய்விடும். வருகிறவர் நாற்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவராக இருப்பார். வாசலில் நின்றபடியே கேட்பார்: "மக்களே, போன வருசம் நம்ம அடிச்ச அந்த பாகப் பிரமாணம் கிட்டுச்சா?" எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பத்திரம் என்றால் பிரமாணம்தான். அவர் கேட்கும்போது என்னிடம் பன்னிரண்டாயிரம் ஃபைலுக்கு மேல் இருக்கும். தேடித்தான் எடுக்க வேண்டும்.

2021 நடுவில், ஊரடங்கு முடிந்து கடை திறந்த கொஞ்ச நாளில், தேடல் விழ ஆரம்பித்தது, அதாவது கிராஷ். ஃபோல்டரைத் திறந்து மூலையில் உள்ள தேடல் பெட்டியில் பெயரை அடிப்பேன். முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்ந்து பாதிக்கு வரும், அப்படியே நிற்கும். ஜன்னல் வெளுக்கும், தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வரும். அப்புறம் கீழே இருக்கிற டாஸ்க்பாரே காணாமல் போய்த் திரும்பி வரும். திறந்திருந்த ஃபோல்டர் ஒன்றும் மிச்சமிருக்காது. இது ஒரு காலையில் நாலைந்து தடவை. எதிரே பெரியவர் நின்றுகொண்டிருப்பார்.

அடுத்த ஒன்றரை வருஷம் நான் செய்தவை எல்லாம் மற்றவர்கள் சொன்ன வைத்தியம். கடைக்கு வந்த சர்வீஸ் பையன் "ஃபார்மட் அடிச்சிரலாம் அக்கா" என்றான். எதற்கெடுத்தாலும் அவர்களுக்கு அது ஒன்றுதான். பன்னிரண்டாயிரம் ஃபைலை வைத்துக்கொண்டு அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. ராமை 8 ஜிபி ஆக்கினேன், வேலை சுகமானது, தேடல் விழுந்தது. சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினேன், குறை ஒன்றும் இல்லை என்றது. விண்டோஸிலேயே இருக்கிற சர்ச் டிரபிள்ஷூட்டரும் எதையோ சரிசெய்ததாகச் சொன்னது, மறுநாள் பழைய கதை. 2022-ல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டேன். முன்பெல்லாம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு விழும். எஸ்எஸ்டி வந்தபின் யோசிக்காமலே விழுந்தது.

இண்டெக்ஸை அழித்துத் திரும்பக் கட்டுகிற வேலையும் செய்தேன். தேடலை வேகமாக்க விண்டோஸ் முன்கூட்டியே ஃபைல்களை வாசித்து பெயரும் உள்ளே இருக்கிற சொற்களும் அடங்கிய ஒரு பட்டியலைத் தயார்செய்து வைத்துக்கொள்ளும், அதுதான் இண்டெக்ஸ். கன்ட்ரோல் பேனலில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அதில் ரீபில்ட். ராத்திரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் எண்ணிக்கை பாதியில் நிற்கிறது. இன்னொரு ராத்திரி போட்டேன், ஏறக்குறைய அதே எண்ணில் நின்றது. அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எரிச்சலில் விட்டுவிட்டேன்.

இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் தீபாவளி லீவில் கடைக்கு வந்தான். ஃபோனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "சித்தி, எல்லா ஃபோல்டர்லயும் விழுதா, இல்ல ஒண்ணுல மட்டுமா?" அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை.

உட்கார்ந்து பார்த்தோம். 2018, 2019 ஃபோல்டர்களில் விழவே இல்லை. 'பழைய வேலை' என்ற ஃபோல்டரில் தேடினால் மட்டும் தவறாமல் விழுந்தது. அதைப் பாதியாகப் பிரித்துத் தேடினோம், ஒரு பாதியில் விழுந்தது. அந்தப் பாதியையும் இரண்டாக்கினோம். ஆறாவது பிரிவில், ஸ்கேன் செய்த பழைய மலையாளப் பத்திரங்கள் உள்ள ஃபோல்டரில் வந்து நின்றோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள் பல மலையாளத்தில், அவர்கள் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். எல்லாமே பிடிஎஃப்.

அப்புறம் அவன் ஈவென்ட் வியூவரைத் திறந்தான், விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கிற இடம். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். சிவப்பு வட்டம் போட்ட வரிகள் வரிசையாக நின்றன, எல்லாவற்றுக்கும் எண் 1000. ஒன்றைச் சொடுக்கினால் கீழே இரண்டு வரிதான் முக்கியம். விழுந்த நிரல்: எக்ஸ்ப்ளோரர், அதாவது ஃபோல்டர்களைத் திறந்து காட்டுகிற விண்டோஸ் நிரல். காரணமான மாட்யூல், அதாவது நிரலின் துண்டு: ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல், பெயரில் ஒரு பிடிஎஃப் மென்பொருளின் சுருக்கம். அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. 2020 ஊரடங்கில் பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்ப்பதற்காக இலவசமாக இறக்கிப் பயன்படுத்தி, ஒரே மாதத்தில் நீக்கிய ஒன்று. நீக்கியதாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. (பெயர் சொல்லப் போவதில்லை. அதன் புது வடிவங்களில் இது சரியாகியிருக்கலாம்.)

நடந்தது இதுதான். தேடும்போது எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு ஃபைலின் தலைப்பு, பக்க எண்ணிக்கை, சிறுபடம் போன்றவற்றைக் கேட்கும். பிடிஎஃப் என்றால் எப்படி வாசிப்பது என்று அதற்காகப் பதிவுசெய்துகொண்ட துணை நிரலைக் கூப்பிடும். அந்தத் துணை நிரல் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஓடுவதால், அது விழுந்தால் எக்ஸ்ப்ளோரரும் கூடவே விழும். டாஸ்க்பாரும் எக்ஸ்ப்ளோரரின் பகுதிதான், அதனால்தான் அதுவும் மறைந்து மறைந்து வந்தது. இண்டெக்ஸ் நடுவழியில் நின்றதும் அதே பிடிஎஃப்களில்தான்.

தீர்வு பத்து நிமிஷ வேலை. நிர்சாஃப்ட்டின் ஷெல்எக்ஸ்வியூ என்று ஒரு இலவசக் கருவி, இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிற துணை நிரல்களைப் பட்டியல் போட்டுக் காட்டும். அதில் அந்த மென்பொருளின் வரிகளை முடக்கினோம். இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் ஃபைல் டைப்ஸ் பகுதிக்குப் போய், பிடிஎஃப்புக்கு மட்டும் உள்ளடக்கத்தை வாசிக்காமல் பண்புகளை மட்டும் எடுக்கச் சொன்னோம். ஸ்கேன் செய்த பத்திரம் வெறும் படம்தான், உள்ளே வாசிக்க எழுத்து இல்லை. லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டு, ரீபில்ட் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. இது 2022-ல். இந்த மூன்று வருஷத்தில் அந்தக் காரணத்துக்காக ஒரு தடவைகூட விழவில்லை.

விழுவது நின்ற பிறகுதான் வேறொன்று தெரிந்தது. தேடல் நன்றாக ஓடியும் பல ஃபைல்கள் கிடைக்கவில்லை. அந்தக் குற்றம் லேப்டாப்பினுடையது அல்ல, பெயர் வைத்த என்னுடையது.

முதல் சிக்கல் பழைய எழுத்துருக்கள். நான் தொழில் பழகிய காலத்தில் பாமினியில் அடித்தோம். திரையில் 'அம்மா' என்று தெரியும். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிக்கோடில் 'அம்மா' என்று தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. இப்போது ஃபைல் பெயரை யூனிக்கோடில் மாற்றி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பதைத் தேவைப்படும்போது மட்டும் மாற்றுகிறேன்.

இரண்டாவது, நம் புள்ளி. 'குளச்சல்' என்று தேடினால் 'குளச்சலில்' என்று பெயர் வைத்த ஃபைல் வராது. கணினிக்கு 'ல்' என்பது ல-வும் புள்ளியும் தனித்தனி, 'லி' என்பது ல-வும் இகரக் குறியும். புள்ளியை விட்டு 'குளச்சல' என்று அடித்தால் இரண்டும் வரும். மார்த்தாண்டத்துக்கு 'மார்த்தாண்ட' போதும். இது தெரியாமல் எத்தனை பத்திரத்தை மறுபடி அடித்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே விருப்பமில்லை.

மூன்றாவது, பெயரின் நீளம். விண்டோஸில் ஃபோல்டர் பெயர், ஃபைல் பெயர் எல்லாம் சேர்த்து வழக்கமான வரம்பு 260 குறி. 'கன்னியாகுமரி' நமக்கு ஏழு எழுத்து, புள்ளியையும் துணைக்குறிகளையும் தனியாக எண்ணும் விண்டோஸுக்குப் பன்னிரண்டு குறி. 'கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டம்' என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டு, கட்சிக்காரர் பெயரை முகவரியோடு எழுதினால் வரம்பு சீக்கிரம் வந்துவிடும், ஃபைலை நகர்த்தக்கூட விடாது. இப்போது ஊர், சர்வே எண், வருஷம், அவ்வளவுதான். சர்வே எண்ணில் வரும் சாய்கோட்டை ஃபைல் பெயரில் போட முடியாது, அதனால் இடைக்கோடு. கொல்லம் ஆண்டு 1110 என்பதைச் சர்வே எண்ணோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க முன்னால் 'கொல்லம்' என்று சேர்க்கிறேன்.

பெயரை வைத்துத் தேடுவதற்கு இப்போது நான் அதிகம் திறப்பது எவ்ரிதிங். வாய்ட்டூல்ஸ் தருகிற இலவச நிரல். டிஸ்க்கில் உள்ள ஃபைல் அட்டவணையை நேரடியாக வாசிப்பதால் அடிக்க அடிக்கவே பட்டியல் சுருங்கும். சொல்லின் நடுவில் இருந்தாலும் பிடிக்கும். ஃபைலுக்குள் இருக்கும் வாசகத்தைத் தேட மட்டும் விண்டோஸ் தேடலுக்குப் போகிறேன், அது வாரத்துக்கு ஒருமுறை இருந்தால் அதிகம்.

இதே மாதிரி விழுகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது ரிலையபிலிட்டி மானிட்டர். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று அடித்தால் வரும். ஈவென்ட் வியூவர் மாதிரி மிரட்டாது. எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருக்கும், சொடுக்கினால் மாட்யூல் பெயர் தெரியும். நான் ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் கொடுத்த காசு வீண் என்று சொல்ல மாட்டேன், லேப்டாப் இன்றைக்கும் ஓடுவது அவற்றால்தான். ஆனால் இந்தக் கோளாறுக்காக அதைச் செலவழித்திருக்கத் தேவையே இல்லை.

இனி எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. என் ஐ3 ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக எட்டிலிருந்துதான் ஏற்கும். பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறேன். அதற்குள் புதியது வாங்க வேண்டும். அலமாரியில் பாமினி காலத்து சிடிக்கள் இரண்டு டப்பா கிடக்கின்றன. புதிய லேப்டாப்பில் சிடி டிரைவ் இருக்காது, அதனால் மதியம் ஆள் குறைவான நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு இதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் டப்பாவில் பாதி முடிந்திருக்கிறது.