சீட் சொற்களைக் காப்பது எப்படி: காகிதம், எஃகுத் தகடு, பாஸ்பிரேஸ், மல்டிசிக் – நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பிட்காயின் போன்ற கிரிப்டோ காயினை, வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை 2014-ல் மவுண்ட் காக்ஸும், 2022-ல் எஃப்டிஎக்ஸும், 2024 ஜூலையில் வாசிர்எக்ஸும் காட்டிவிட்டன. வாசிர்எக்ஸில் திருடுபோனது மட்டும் சுமார் 23 கோடி டாலர். சொந்த வாலட்டுக்கு மாற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பணத்தை நகர்த்தும் ரகசியச் சாவியான பிரைவேட் கீயைக் காக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில் வந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "லெட்ஜர் வாங்கலாமா, டிரெசர் வாங்கலாமா?" என்றுதான். இவை இரண்டும் பிரைவேட் கீயை உள்ளே வைத்துக் காக்கும் வாலட் கருவிகள். இந்தக் கேள்விக்குத் தேவைக்கு மேல் முக்கியத்துவம் தரப்படுகிறது என்பது என் கருத்து. கருவி உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். வாலட் தொடங்கும்போது திரையில் வரும் 12 அல்லது 24 சொற்கள், அதாவது சீட் சொற்கள், போனால் கடையில் கிடைக்காது. எல்லா பிரைவேட் கீகளும் அந்தச் சொற்களிலிருந்தே பிறக்கின்றன. அதனால் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சொற்களுக்கு வருகிறேன்.

லெட்ஜரில் பின் நம்பரை மூன்று முறை தவறாகப் போட்டால் கருவி தன்னையே அழித்துக்கொள்ளும். டிரெசரில் அதைவிட அதிக முறை அனுமதி உண்டு. பழைய டிரெசர் ஒன், மாடல் டி இரண்டிலும் தனிப் பாதுகாப்பு சிப் கிடையாது. கருவி கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் சீடை உருவ முடியும் என்று 2020 ஜனவரியில் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் ஆய்வுக் குழு செய்துகாட்டியது. 2023-ல் வந்த டிரெசர் சேஃப் 3-ல் சிப் உண்டு. லெட்ஜர் நானோ எக்ஸில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் அலமாரியில் கிடந்தால் முதலில் கெடுவது அதுதான். எடுத்துவைத்துவிட்டு எப்போதாவது தொடுகிறவர்களுக்குப் பேட்டரி இல்லாத மாடலே ஏற்றது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது டெலிவரி முகவரி. 2020-ல் லெட்ஜரின் விற்பனைத் தளத்திலிருந்து வாடிக்கையாளர் தகவல் கசிந்தபோது சுமார் 2.7 லட்சம் பேரின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் வெளியே போயின. அடுத்த ஆண்டு சிலருடைய வீட்டுக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன. 24 சொற்களையும் டைப் செய்யச் சொல்லி வரும் மெயில், கடிதம், ஆப் எதுவானாலும் அது திருட்டுதான். சொற்களைக் கருவியின் திரையிலும் பட்டனிலும் மட்டுமே உள்ளிட வேண்டும்.

போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். போட்டோ தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். கேலரியில் உள்ள படங்களை எழுத்துணர் மென்பொருளால் படித்து சீட் சொற்களைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற மால்வேர், ஆப் ஸ்டோரிலும் பிளே ஸ்டோரிலும் இருந்த ஆப்களுக்குள்ளேயே ஒளிந்திருந்தது 2025 பிப்ரவரியில் தெரியவந்தது. பாஸ்வேர்டு மேனேஜரின் நோட்ஸ் பகுதியும் இதற்கான இடம் இல்லை. 2022-ல் லாஸ்ட்பாஸ் பயனர்களின் வால்ட் நகல்கள் அப்படியே திருடப்பட்டன. பென்டிரைவ் மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ளது அழியக்கூடும்.

காகிதம் தொடக்கத்துக்குப் போதும். பல ஜெல் பேனாக்களின் மை தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். பென்சில் எழுத்து தண்ணீரிலும் நிற்கும், வெளிச்சத்தில் மங்காது. பில் போடும் தெர்மல் தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். லேமினேஷன் ஈரத்தைத் தடுக்கும், தீயில் உருகி ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வீடுகளில் கரையானும் மழைக்கால ஈரமும் காகிதத்துக்கு உள்ள உண்மையான எதிரிகள். பெரிய தொகை போட்ட பிறகும் காகிதத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

அடுத்தது எஃகுத் தகடு. இதில் செலவாகும் நேரம் வீண்போகாது. கடலோர ஊர் என்றால் எஸ்எஸ் 304-ஐ விட 316 நல்லது. உப்புக்காற்றில் 304-ல் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். அலுமினியம் வேண்டாம், 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 316 எஃகு உருக 1,370 டிகிரியாவது வேண்டும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனம் போதும். எழுத்துகளைக் கோர்த்து நிறுத்தும் சட்டங்களும் விற்கிறார்கள். பிட்காயின் பாதுகாப்பு வல்லுநரான ஜேம்சன் லாப் பல ஆண்டுகளாக இத்தகைய பொருட்களைத் தீயிலும் அமிலத்திலும் அழுத்தத்திலும் போட்டுச் சோதித்து வெளியிட்டிருக்கிறார். அவற்றில் நன்றாகத் தாங்கியவை, ஒரே தகட்டில் நேரடியாகக் குத்தியவை. கோர்த்த எழுத்துகள் சட்டம் நெளிந்தால் உதிர்ந்து, வரிசையே போய்விடும்.

ஹார்டுவேர் கடையில் 3 மில்லிமீட்டர் லெட்டர் பஞ்ச் செட் கிடைக்கும். மலிவான செட் எவர்சில்வரில் சீக்கிரம் மழுங்கிவிடும். கடினப்படுத்திய எஃகால் ஆனதா என்று கேட்டு வாங்க வேண்டும். சொல் முழுவதையும் அடிக்கத் தேவையில்லை. சீட் சொற்கள் எடுக்கப்படும் பொதுப் பட்டியலான பிப்-39-ல் உள்ள 2,048 ஆங்கிலச் சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. ஆக்‌ஷன், ஆக்டர், ஆக்ட்ரஸ், ஆக்சுவல் நான்கும் பட்டியலில் உண்டு. நான்காம் எழுத்தில் பிரிந்துவிடும். ஆக்ட் என்ற மூன்றெழுத்துச் சொல்லும் உண்டு, அதற்கு நான்காம் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். ஆக, 24 சொற்களுக்கு அதிகபட்சம் 96 எழுத்துகள்.

தகட்டை கனமான இரும்புப் பரப்பின் மேல் வைக்க வேண்டும். கீழே ரப்பர் மேட் இருந்தால் அடி துள்ளி எழுத்து இரட்டையாக விழும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே பலமான அடி. இரண்டாவது அடி அடித்தால் பஞ்ச் நகர்ந்து நிழல் எழுத்து வரும். பஞ்சைத் தலைகீழாகப் பிடித்தால் எம் டபிள்யூ ஆகிவிடும், பக்கவாட்டில் பிடித்தால் என் இசட் ஆகிவிடும்; அதனால் முதலில் ஒரு பழைய தகட்டில் அடித்துப் பார்த்து, பஞ்சின் மேல்பக்கத்தில் மார்க்கரால் குறி வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லின் வரிசை எண்ணையும் அடித்துவிட வேண்டும். இரண்டு பத்தியாக அடித்த தகட்டை மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா என்று தெரியாமல் குழம்புவது அடிக்கடி நடக்கிறது. மின்சாரப் பேனாவால் கீறுவது ஆழமில்லாதது, தீயில் கறுத்த பிறகு படிக்க முடியாது. குத்திய எழுத்து கறுத்தாலும் கம்பி பிரஷால் தேய்த்தால் தெரியும். பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருகிறவரிடமோ பட்டறையிலோ இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. சொற்களைப் பார்த்தவர் கையில் பணம் இருப்பதாகவே அர்த்தம்.

தகட்டைக் குறைந்தது இரண்டு இடத்தில் வைக்க வேண்டும், இரண்டும் ஒரே தெருவில் இருக்கக் கூடாது. வங்கி லாக்கர் ஓர் இடமாக இருக்கலாம். ஆனால் ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி தீ, திருட்டு போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்குதான். வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடருக்கு அதுவும் இல்லை.

யாராவது தகட்டைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பாஸ்பிரேஸ் வைக்கிறார்கள். 24 சொற்களுக்கு மேல் நாமே சேர்க்கும் கூடுதல் ரகசியம் இது. பாதுகாப்பு நிஜமானது, அந்த கிராக்கன் முறையில் சீடை உருவினாலும் இது இல்லாமல் பணத்தைத் தொட முடியாது. ஆபத்தும் அதே அளவு நிஜம். 24 சொற்களில் ஒன்று தவறினால் சொற்களுக்குள்ளேயே இருக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பில் பெரும்பாலும் கருவியே பிடித்துவிடும். தவறு நழுவ 256-ல் ஒரு வாய்ப்புதான். பாஸ்பிரேஸுக்கு அந்தச் சரிபார்ப்பு கிடையாது. எதைப் போட்டாலும் ஒரு வாலட் திறக்கும், அது காலியாக இருக்கும். பெரிய எழுத்து ஒன்று சிறிய எழுத்தானாலும், கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூடினாலும் வேறு வாலட்தான். இதைக் கண்டுபிடிக்க, வாலட் உருவாக்கிய அன்றே மாஸ்டர் ஃபிங்கர்பிரின்ட் என்ற எட்டு எழுத்துக் குறியீட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்பாரோ வாலட் என்ற கணினி மென்பொருள் அதைக் காட்டும். அதை வைத்துப் பணத்தை எடுக்க முடியாது. பாஸ்பிரேஸை நினைவில் மட்டும் வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தகடு இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில் அதுவும் எழுத்தாக இருக்க வேண்டும்.

சொற்களைப் பிரித்து வைப்பது இன்னொரு வழக்கம், அதில் கணக்கைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. 12 சொற்களை மூன்று அட்டைகளில் எட்டு எட்டாகப் பிரித்து, எந்த இரண்டு கிடைத்தாலும் போதும் என்று வைப்பார்கள். ஓர் அட்டை திருடனிடம் சிக்கினால் மீதி நான்கு சொற்கள்; செக்சமைக் கழித்தால் 40 பிட்தான், அதாவது சுமார் ஒரு லட்சம் கோடி சேர்க்கைகள்தான் மிச்சம். கணினி அதை உடைத்துவிடும். 24 சொற்களில் இதே முறைக்கு 80 பிட் மிஞ்சும், அது வேறு நிலை. உண்மையாகவே பிரிக்க வேண்டுமானால் அதற்கென்றே உள்ள ஸ்லிப்-39 முறை நல்லது. ஒரு பங்கு மட்டும் கிடைத்தால் எதுவும் தெரியாது. எல்லா வாலட்டும் அதை ஏற்காது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கீகளில் இரண்டின் கையெழுத்து கேட்கும் மல்டிசிக், பெரிய தொகைக்கு நல்ல ஏற்பாடு. இதில் மக்கள் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு: இரண்டு சீட் இருந்தால் போதும் என்று நினைப்பது. பணத்தைத் திரும்ப எடுக்க மூன்று கீகளின் எக்ஸ்பப்பும் (முகவரிகளை உருவாக்கும் பொதுச் சாவி) தெரிய வேண்டும். மூன்றாவது சீடும் தொலைந்து, அதன் எக்ஸ்பப்பும் இல்லையென்றால் இரண்டு சீடை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூன்று எக்ஸ்பப்பும் அடங்கிய டிஸ்கிரிப்டர் கோப்பை அச்செடுத்து ஒவ்வொரு சீடோடும் ஒரு நகல் வைக்க வேண்டும்.

இவை எதுவானாலும் பணம் போடும் முன் சோதித்தே ஆக வேண்டும். சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, முதல் பெறும் முகவரியைக் குறித்துக்கொண்டு, கருவியை முழுவதும் அழிக்க வேண்டும். பிறகு காகிதத்தைப் பார்க்காமல் எஃகுத் தகட்டை மட்டும் பார்த்து மீட்க வேண்டும். அதே முகவரி வந்து, அதிலிருந்து கொஞ்சம் வெளியே அனுப்பவும் முடிந்தால்தான் தகடு சரி. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை டிரெசரின் செக் பேக்அப் போன்ற வசதியால், எதையும் அழிக்காமலே சரிபார்க்கலாம்.

மீட்ட பிறகு இருப்பு பூஜ்யம் என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் முகவரி வகை மாறியிருக்கும். வகைக்கு ஏற்ப, சீடிலிருந்து முகவரி உருவாகும் பாதையின் எண் மாறும்: பழைய வகைக்கு 44, செக்விட்டுக்கு 49, நேட்டிவ் செக்விட்டுக்கு 84, டாப்ரூட்டுக்கு 86. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சொல் அழிந்திருந்தால் 2,048 சோதனையில் கிடைத்துவிடும். இரண்டு அழிந்திருந்தால் சுமார் 42 லட்சம். அதையும் கணினி முடிக்கும். அந்தக் கணினி இன்டர்நெட்டில் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. "மீட்டுத் தருகிறேன்" என்று டெலிகிராமில் வருகிறவரிடம் போகவே வேண்டாம்.

சொந்த வாலட்டுக்கு வங்கிக் கணக்கைப் போல நாமினி கிடையாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதி வைக்க வேண்டும்: எந்த வாலட், எந்த முகவரி வகை, தகடு எங்கே, பாஸ்பிரேஸ் உண்டா இல்லையா, இருந்தால் எங்கே, ஃபிங்கர்பிரின்ட் என்ன. சொற்களை அதில் எழுதக் கூடாது. தேதி போட வேண்டும். வாலட்டையோ தகடு வைத்த இடத்தையோ மாற்றிய அன்றே பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.