போர்டு, எஃப்பிஜிஏ, சிப்: ஹார்டுவேர் இன்ஜினியருக்கு மூன்று பாதைகள்

கணினி ஹார்டுவேர் இன்ஜினியர் என்ற ஒரே பதவிப் பெயருக்குள் மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. சர்க்யூட் போர்டு வடிவமைப்பது, எஃப்பிஜிஏவுக்கு (உள்ளிருக்கும் சர்க்யூட்டை மாற்றி மாற்றி எழுதக்கூடிய சிப்) லாஜிக் எழுதுவது, சிப்பையே வடிவமைத்துச் சரிபார்ப்பது. கல்லூரிப் பாடங்கள் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எதில் சேர்ந்தால் என்ன என்று தோன்றும். சேர்ந்த பிறகு பார்த்தால் நாள் போகும் விதமே வேறு. செய்த தவறு எத்தனை நாள் கழித்துத் தெரிய வருகிறது, தெரிந்தபின் திருத்த என்ன ஆகிறது என்பதுதான் இதற்குப் பெரிய காரணம். எஃப்பிஜிஏவில் மணிக்கணக்கு, போர்டில் வாரக்கணக்கு. சிப்பில் மாதக்கணக்கோடு, புது மாஸ்க் (சிப்பை அச்சிட உதவும் அச்சுத்தகடு) செய்யும் பெருஞ்செலவும் சேரும். சம்பளத்தை வைத்து மட்டும் ஒப்பிடுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

போர்டு

இந்த வேலையில் பெரும்பகுதி டேட்டாஷீட் (பாகத்தின் விவரங்களைத் தயாரிப்பாளர் தரும் ஆவணம்) படிப்பதிலேயே போகும். ஒரு செயலிக்கு நான்கைந்து மின்னழுத்தங்கள் வேண்டும். எது முதலில் ஏற வேண்டும், எது அதற்குப் பின்னால் வர வேண்டும் என்பது நூற்றுக்கணக்கான பக்கங்களின் நடுவே ஒரு சின்னப் படத்தில் இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் போர்டு ஒரு நாள் ஓடும், மறுநாள் அடம்பிடிக்கும்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் ஏமாறாத புதியவர் குறைவு. 10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று போட்டிருக்கும் சின்னஞ்சிறிய எக்ஸ்5ஆர் செராமிக் கெப்பாசிட்டரை 5 வோல்ட் லைனில் வைத்தால், அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் போய்விடலாம். கழற்றி மீட்டரில் அளந்தால் 10க்குப் பக்கத்தில்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் அந்த 5 வோல்ட்டை அதன் மேல் வைத்து அளப்பதில்லை. அளவில் பெரிய கெப்பாசிட்டரையோ, கூடுதல் வோல்ட் தாங்குவதையோ போடுவதுதான் வழி. போடுவதற்கு முன் தயாரிப்பாளர் தரும் மின்னழுத்த வளைவையும் பார்த்துவிட வேண்டும்.

சிப்புகள் இரண்டு வயர்களில் பேசிக்கொள்ளும் ஐ2சி பஸ்ஸிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 4.7 கிலோ ஓம் புல்-அப் (லைனை மேல் மின்னழுத்தத்துக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போடுவது பலருக்குப் பழகிப்போன ஒன்று. பஸ்ஸின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிக்கோஃபாரட் என்றால், சிக்னல் ஏற எடுக்கும் நேரம் 0.85 × 4700 × 100 பிக்கோ, அதாவது சுமார் 400 நானோசெகண்ட். 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்துக்கு 1000 வரை அனுமதி இருப்பதால் பிரச்சினை இல்லை. 400 கிலோஹெர்ட்ஸில் அனுமதி 300 மட்டுமே. 2.2 கிலோ ஓமுக்கு மாற்றினால் 190க்குள் இறங்கிவிடும்.

வேகமான மெமரி லைன்களுக்கு நீள வேறுபாடே எதிரி. போர்டில் சிக்னல் ஒரு மில்லிமீட்டர் கடக்க 6 முதல் 7 பிக்கோசெகண்ட் எடுக்கும். டிடிஆர்4-3200 மெமரியில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 312.5 பிக்கோசெகண்ட். ஒரே பைட்டைச் சேர்ந்த இரண்டு டிரேஸ்களுக்கு (போர்டின் செப்புக் கோடுகள்) இடையே 10 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே காலி. லேஅவுட்டில் பாம்பு மாதிரி வளைந்து போகும் கோடுகள் இதற்காகத்தான்.

தயாராகி வந்த முதல் போர்டுக்கு உடனே மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. முதலில் ஒவ்வொரு பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளக்க வேண்டும். பெரிய செயலியின் கோர் லைன் இயல்பாகவே சில ஓம் மட்டும் காட்டலாம் என்பதால், குறைவாக இருந்தாலே ஷார்ட் என்று முடிவு கட்டாமல் கூட வந்த இன்னொரு போர்டோடு ஒப்பிட வேண்டும். பிறகு கரண்ட் வரம்பு வைத்த பவர் சப்ளையில், எதிர்பார்ப்பதைவிடச் சற்றே கூடுதலாக வரம்பை வைத்து, ஆன் செய்வது. அடுத்து மின்னழுத்தங்கள், க்ளாக், ரீசெட், ஜேடாக் என்ற சோதனை இணைப்பு வழியே சிப்பின் அடையாள எண், கடைசியாக யுஆர்ட் என்ற சீரியல் லைனில் வரும் முதல் எழுத்து. இந்த வரிசையை மாற்றினால், வராத க்ளாக்குக்காகச் சாஃப்ட்வேரில் பிழை தேடி இரண்டு நாள் வீணாகும். ஆசிலோஸ்கோப் புரோபின் நீளமான கிரவுண்டு வயரையும் நம்பக் கூடாது. சர்க்யூட்டில் இல்லாத அதிர்வை அது திரையில் காட்டும். நுனியில் மாட்டும் ஸ்பிரிங் கிரவுண்டு போதும்.

யுஆர்ட்டில் அனுப்பும் டிஎக்ஸும் பெறும் ஆர்எக்ஸும் இடம் மாறுவது, கனெக்டரின் பின் எண்கள் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிவிடுவது இரண்டும் இந்தத் தொழிலில் ஓயாமல் நடப்பவை. வெளி அடுக்கில் இருந்தால் டிரேஸை வெட்டி, 30 கேஜ் வயரை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துச் சால்டர் செய்து சமாளிக்கலாம். அடிப்பக்கத்தில் சால்டர் உருண்டைகள் கொண்ட பிஜிஏ சிப்புக்கு அடியில் உள்ளடுக்கில் மாட்டியிருந்தால் அடுத்த ரிவிஷன்தான். போர்டு அச்சாகி, பாகங்கள் ஏறி வர மீண்டும் வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

எஃப்பிஜிஏ

முதல் எஃப்பிஜிஏவான எக்ஸ்சி2064ஐ 1985இல் ஸைலிங்ஸ் வெளியிட்டபோது அதில் இருந்தவை 64 லாஜிக் பிளாக்குகள். இன்று எண்ணிக்கை எங்கோ போய்விட்டாலும் அடிப்படை மாறவில்லை. தவறாக எழுதிய சர்க்யூட்டை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம். பில்டுக்கு (எழுதிய கோடைச் சிப்பில் ஏற்றும் வடிவுக்கு மாற்றுவது) சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை ஆகும், பெரிய டிசைன் என்றால் ராத்திரி முழுக்க ஓடும்.

இந்த வசதியே இங்குள்ள கெட்ட பழக்கத்துக்கும் காரணம். சிமுலேஷனை ஒதுக்கிவிட்டு நேராகப் போர்டில் ஏற்றிப் பார்க்கத் தோன்றும். ஓடவில்லை என்றால் உள்ளே நடப்பதைப் பார்க்க லாஜிக் அனலைசரைச் சேர்த்து மறுபடி பில்ட் செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது சிப்புக்குள் எல்லாமே வேறு இடத்தில் உட்காரும், தேடிய பிழையும் மறைந்துவிடலாம். பிழை மறைந்தது என்றால் டைமிங்கை, அதாவது சிக்னல் உரிய நேரத்துக்குள் போய்ச் சேர்கிறதா என்பதை, சந்தேகிப்பதுதான் முதல் வேலை.

டைமிங்கில் பெரிய ஆபத்து, கருவி எதுவும் சொல்லாமல் இருப்பது. 125 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் என்றால் ஒரு சுற்றுக்கு 8 நானோசெகண்ட். அதைக் கன்ஸ்டிரெயிண்ட் (நேர நிபந்தனை) கோப்பில் எழுத மறந்தால், அந்தப் பாதைகளைக் கருவி சோதிக்கவே செய்யாது; ரிப்போர்ட் பச்சையாகத்தான் வரும். ஆகவே ஸ்லாக்கை (பாதையில் மிச்சமிருக்கும் நேரம்) பார்ப்பதற்கு முன், கன்ஸ்டிரெயிண்ட் இல்லாத பாதைகளின் பட்டியல் காலியா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு க்ளாக்குகள் சந்திக்கும் எல்லை இன்னொரு சிக்கல். ஒற்றை பிட்டுக்கு இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப் (ஒரு பிட்டைச் சேமிக்கும் உறுப்பு) கொண்ட சிங்க்ரனைசர் போதும். பல பிட் கவுண்டருக்கு அதையே ஒவ்வொரு பிட்டிலும் போடுவது பிழை. 0111இலிருந்து 1000க்கு மாறும் கணத்தில் நான்கு பிட்டும் மாறுவதால், மறுபக்கம் 0 முதல் 15 வரை எதையும் படிக்க முடியும். ஒரு முறைக்கு ஒரு பிட் மட்டும் மாறும் கிரே கோடு அல்லது, முதலில் வந்ததை முதலில் தரும் அசிங்க்ரனஸ் ஃபைஃபோ பயன்படுத்த வேண்டும். மணிக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டும் பிழைகளைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த எல்லைதான்.

சிப்

டேப்-அவுட் (முடிந்த வடிவமைப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்புவது) ஆன பிறகு அழிக்க ரப்பர் கிடையாது. 1994இல் இன்டெல் பென்டியம் செயலியின் வகுத்தல் பிழை வெளியே வந்தது. வகுத்தலுக்கான உள் அட்டவணையில் 5 இடங்களில் இருக்க வேண்டிய மதிப்பு இல்லை. அதற்காக நிறுவனம் கணக்கில் எழுதிய தொகை 47.5 கோடி டாலர். 2011 ஜனவரி இறுதியில் அதே நிறுவனம் 6 சீரீஸ் சிப்செட்டின் விநியோகத்தை நிறுத்தியது. ஹார்ட் டிஸ்க் இணைக்கும் சில சாட்டா போர்ட்டுகள் நாளாக நாளாகப் பலவீனமாகக்கூடியவை என்று கண்டுபிடித்திருந்தார்கள். மாற்றித்தர ஆகும் என்று சொன்ன மதிப்பீடு 70 கோடி டாலர். அதில் ஒரு நல்ல செய்தி, மெட்டல் அடுக்கை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடிந்தது. டிரான்சிஸ்டர் அடுக்குகளைத் தொட்டிருந்தால் நேரமும் செலவும் இன்னும் ஏறியிருக்கும். இதற்காகவே வடிவமைப்பின் நடுவே பயன்படாத உதிரி கேட்களை முன்கூட்டியே தூவி வைப்பார்கள்.

சிப்பில் செட்டப் மீறலையும் (க்ளாக் விளிம்புக்கு முன் டேட்டா தாமதமாக வருவது) ஹோல்டு மீறலையும் (விளிம்புக்குப் பின் டேட்டா சீக்கிரமே மாறிவிடுவது) ஒரே தட்டில் வைக்க முடியாது. செட்டப் தவறினால் க்ளாக்கைக் குறைத்து, மெதுவான மாடல் என்று பெயர் வைத்தாவது விற்றுவிடலாம். ஹோல்டு தவறினால் க்ளாக்கை எவ்வளவு குறைத்தாலும் பிழை போகாது, சிப் குப்பைதான்.

அதனால்தான் சிப் நிறுவனங்களில் வடிவமைப்பவரைவிடச் சரிபார்ப்பவருக்கு வேலை அதிகம். சிஸ்டம்வெரிலாக் மொழியில் யுவிஎம் என்ற சரிபார்ப்பு முறைப்படி டெஸ்ட்பெஞ்ச் (சோதனை நிரல்) எழுதுவது, ரேண்டம் உள்ளீடுகளை விதிகளுக்குள் அடக்கி அனுப்புவது, இரவில் ஆயிரக்கணக்கான டெஸ்ட்களை ஓட்டிக் காலையில் தோற்றவற்றை வகை பிரிப்பது. கவரேஜ் 100 சதவீதம் வந்ததும் பெருமூச்சு விடுவார்கள். சோதிக்க வேண்டியவை என்று பட்டியலில் நாமே எழுதியவை நடந்துவிட்டன என்பதைத்தான் அது சொல்கிறது. எழுத மறந்ததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரே பிளாக்கோடு ஒரு வருடம் இருக்கவும் நேரிடும். முழு இயந்திரத்தையும் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

ரீசெட்டில் வித்தியாசம் தெரியும்

மூன்று வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ரீசெட் நல்ல உதாரணம்.

போர்டில், ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மட்டும் வைத்து ரீசெட் கொடுத்திருந்தால், மின்சாரம் ஒரு கணம் போய்த் திரும்பும்போது கெப்பாசிட்டர் முழுதாக இறங்கியிருக்காது. ரீசெட் வராமலே செயலி பாதியில் தொங்கும். சூப்பர்வைசர் ஐசி ஒன்று இதைத் தீர்க்கும். மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே போனதும் ரீசெட்டை இழுத்துப் பிடித்து, சரியாகி 200 மில்லிசெகண்ட் போலக் கழித்தே விடும் வகைகள் நிறைய உண்டு.

எஃப்பிஜிஏவில், அசிங்க்ரனஸ் ரீசெட் க்ளாக் விளிம்புக்கு மிக அருகில் விலகினால் சில ஃப்ளிப்ஃப்ளாப்கள் ஒரு சுற்று முன்னதாகவே விடுபடும். ஸ்டேட் மெஷின், தனக்கு வரையறுக்கப்படாத ஒரு நிலைக்குப் போய்விடலாம். ரீசெட்டைக் கொடுப்பது உடனடியாகவும், விலக்குவது இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப் வழியே க்ளாக்கோடு சேர்ந்தும் நடக்க வேண்டும். நான்கு வரிக் கோடு, மதியத்துக்குள் முடிந்துவிடும்.

சிப்பில், ரீசெட் கொடுக்க மறந்த ஃப்ளிப்ஃப்ளாப் சிமுலேஷனில் எக்ஸ் என்ற தெரியாத மதிப்போடு தொடங்கும். அது ஒரு இஃப் நிபந்தனைக்குள் வந்தால் வெரிலாக் எச்சரிக்காமல் எல்ஸ் பக்கம் போய்விடும். எல்ஸ் சரியான வழியாக இருந்தால் டெஸ்ட் பாஸ். உண்மையான சிப்பில் அந்த மதிப்பு 1 ஆகவும் எழும். கேட் அளவிலான சிமுலேஷனோ எக்ஸைப் பரப்பிக் காட்டும் கருவியோ டேப்-அவுட்டுக்கு முன்பு பிடித்தால் பிழைத்தோம்.

எது ஒத்துவரும் என்று சோதிக்க

மூன்றையும் இலவசக் கருவிகளிலேயே தொட்டுப் பார்க்கலாம். போர்டு வரையும் கிகேடில் நான்கு அடுக்கு யுஎஸ்பி போர்டு ஒன்றை, டேட்டா ஜோடியை 90 ஓமுக்குக் கணக்கிட்டு வரையுங்கள். எஃப்பிஜிஏவுக்கு 115200 வேக யுஆர்ட் ரிசீவர் எழுதுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் ஒரு பிட்டுக்கு 868 சுற்று, நடுவில் 434இல் படிக்க வேண்டும், உள்ளே வரும் பின்னுக்குச் சிங்க்ரனைசர் கட்டாயம். சரிபார்ப்புக்கு, 16 இடம் கொண்ட ஃபைஃபோ ஒன்றை வெரிலேட்டரிலோ ஐகேரஸிலோ (வெரிலாக் சிமுலேட்டர்கள்) ஓட்டி, கண்டபடி எழுதி எடுத்து, ஒரு எளிய க்யூவோடு ஒப்பிடுங்கள். முழுதாக நிரம்பியிருக்கும்போது அதே சுற்றில் எழுதவும் எடுக்கவும் செய்தால் என்ன ஆகிறது என்பதைத் தனியாகப் பாருங்கள்.

பின்னால் பாதை மாற்றுவதும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்காது. எஃப்பிஜிஏவிலிருந்து சிப் சரிபார்ப்புக்குப் போவது எளிது, மொழியும் சிந்தனையும் ஒன்று. போர்டிலிருந்து எஃப்பிஜிஏவுக்கும் பலர் போகிறார்கள், பின்களை ஒதுக்குவதிலேயே பழக்கம் தொடங்கிவிடும். சிப்பிலிருந்து போர்டுக்கு வருவதுதான் கடினம். டேட்டாஷீட்டின் சின்னப் படங்களையும் கெப்பாசிட்டரின் வளைவையும் அங்கே படிக்க வேண்டிய தேவை வந்திருக்காது, லேபில் நின்ற பழக்கமும் இருக்காது.