வலை ஏபிஐ-க்கு எந்த கேஷ் லைப்ரரி? தரவு மாறியதை முதலில் அறிவது யார்?

மைக்ரோசாஃப்டின் வலைக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் கோரில் ஏபிஐ (பிற நிரல்கள் தரவு கேட்கும் வாயில்) எழுதுபவர் கேஷ் (ஒருமுறை தயாரித்த பதிலை மறுபடி தரச் சேமிப்பது) வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் நான்கு பெயர்கள் அவர் முன் வந்து நிற்கும். கட்டமைப்போடு சேர்ந்தே வரும் ரெஸ்பான்ஸ் கேஷிங், 2022 நவம்பரில் டாட்நெட் 7 உடன் வந்த அவுட்புட் கேஷிங், தனி லைப்ரரிகளான மார்வின்.கேஷ்.ஹெட்டர்ஸ், கேஷ்கவ். நான்கும் ஒரே வேலையைச் செய்பவை என்று எண்ணி அவற்றின் வேகத்தை மட்டும் அளந்து பார்ப்பது வீண் வேலை. முதல் இரண்டும் பதிலைச் சர்வரில் சேமிக்கின்றன. மூன்றாவது பதிலைச் சேமிப்பதே இல்லை. அது ஹெட்டர்களை (பதிலோடு செல்லும் குறிப்புகளை) எழுதி, ஈடேக்குகளை (பதிலின் பதிப்பைக் காட்டும் அடையாளங்களை) மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. நான்காவது, சர்வரில் சரிபார்ப்பையும் கிளையன்ட்டில் (தரவைக் கேட்கும் நிரலில்) சேமிப்பையும் பிரித்து வைக்கிறது. தரவு மாறிவிட்டது என்பதை யார், எப்போது அறிகிறார் என்ற கேள்விக்கு இவை தரும் விடைகள் வேறு வேறு. தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது அந்த விடையைத்தான்.

ஹெச்டிடிபி கேஷுக்கான இன்றைய விதிகள் 2022 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 9111 என்ற இணையத் தர ஆவணத்தில் உள்ளன; அது 2014-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 7234-க்கு மாற்றாக வந்தது. அதில் இரண்டு வழிகள் உண்டு. 'மேக்ஸ்-ஏஜ்' மூலம் இத்தனை வினாடிகளுக்கு இந்தப் பதில் செல்லும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது ஒன்று. பதிலோடு ஈடேக் என்ற அடையாளத்தை அனுப்பி, அடுத்த முறை கிளையன்ட் அதை 'இஃப்-நன்-மேட்ச்' ஹெட்டரில் திருப்பி அனுப்பும்போது, மாறவில்லையென்றால் உடல் (தரவுப் பகுதி) இல்லாத 304 ('மாறவில்லை') குறியீட்டை மட்டும் தருவது மற்றொன்று. பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறும் 'நோ-கேஷ்' என்பதற்குச் சேமிக்காதே என்று பொருள் இல்லை; சேமித்துக்கொள், ஆனால் பயன்படுத்தும் முன் என்னிடம் கேள் என்பதே பொருள். சேமிக்கவே கூடாது என்றால் 'நோ-ஸ்டோர்' என்று எழுத வேண்டும்.

ரெஸ்பான்ஸ் கேஷிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது விதிகளுக்கு அப்படியே கட்டுப்பட்டது. ஆகவே கிளையன்ட் 'நோ-கேஷ்' என்று அனுப்பினால் சேமித்ததைத் தராமல் கோரிக்கையை உள்ளே விட்டுவிடும். உள்நுழைவுச் சான்றைச் சுமக்கும் 'ஆத்தரைசேஷன்' ஹெட்டர் உள்ள கோரிக்கைகளையும், குக்கி வைக்கும் பதில்களையும் தொடாது. சேமிப்பு அந்தந்தச் சர்வரின் நினைவகத்தில் மட்டுமே. ஒரு பதிவு மாறினால் அதற்குரிய பதிலை நாமாக நீக்கவும் வழி இல்லை. உள்நுழைவு தேவைப்படாத, மாறினாலும் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பொதுத் தரவுக்கு அது போதும்.

அவுட்புட் கேஷிங் அதன் தம்பி போலத் தோன்றினாலும் குணத்தில் வேறு. எதைச் சேமிப்பது என்பதைச் சர்வரே தீர்மானிக்கிறது, கிளையன்ட் அனுப்பும் ஹெட்டர் அதை மாற்றாது. நாம் வேறு காலம் குறிப்பிடாவிட்டால் பதில் 60 வினாடிகள் இருக்கும். இதன் உண்மையான பலம் இரண்டு இடங்களில் தெரிகிறது. முதலாவது, பதில்களுக்கு ஒட்டுப்பெயர் இட்டு வைக்கலாம். பொருள் பட்டியல், வகை வாரியான பட்டியல், தேடல் முடிவு ஆகிய மூன்றுக்கும் 'பொருட்கள்' என்று ஒரே ஒட்டுப்பெயரை வைத்திருந்தால், ஒரு பொருளின் விலையைத் திருத்தும் நிரல்வரியை அடுத்து அந்தப் பெயருக்குரிய அனைத்தையும் நீக்கச் சொன்னால் போதும். இரண்டாவது, கேஷ் காலாவதியான அதே நொடியில் ஒரே பட்டியலைக் கேட்டு நூறு கோரிக்கைகள் வந்தால், ஒன்று மட்டும் தரவுத்தளம் வரை செல்லும். மற்றவை அதன் விடைக்காகக் காத்திருக்கும். இந்தப் பூட்டு இயல்பாகவே செயலில் இருக்கிறது. டாட்நெட் 8 முதல் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தைச் சேமிப்பிடமாகப் பயன்படுத்தலாம் என்பதால், பல சர்வர்கள் இருந்தாலும் ஒரே கேஷைப் பகிர முடிகிறது.

இதன் எல்லையும் தெளிவானது. உள்நுழைந்த பயனரின் கோரிக்கைகளை அது இயல்பாகச் சேமிக்காது. அந்தத் தடையைத் தனிக் கொள்கை எழுதி விலக்கலாம்; ஆனால் விலக்கிய பிறகு கேஷ் சாவியில் (சேமித்த பதிலைத் தேடி எடுக்க உதவும் பெயரில்) பயனரின் அடையாளத்தைச் சேர்க்க மறந்தால், ஒருவருடைய கணக்கு விவரம் அடுத்தவருடைய திரையில் போய் நிற்கும். இத்தகைய தவறு சோதனையில் சிக்குவது அரிது, ஏனெனில் சோதிப்பவர் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் பயன்படுத்துவார். இன்னொன்று, கேஷிலிருந்து தந்தாலும் உடல் முழுவதும் வலை வழியே போகிறது. அவுட்புட் கேஷிங் 304 தரும், ஆனால் ஈடேக்கை நாம்தான் வைத்துத் தர வேண்டும்.

மார்வின்.கேஷ்.ஹெட்டர்ஸ் அந்த ஈடேக் வேலையை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு மிடில்வேரை (கோரிக்கைக்கும் நம் நிரலுக்கும் இடையில் நிற்கும் பகுதியை) சேர்த்தால், பதிலின் உடலிலிருந்து ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் சுருக்கக் குறி) கணக்கிட்டு, ஈடேக்காக எழுதி, அதன் நகலைத் தன் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. அடுத்து 'இஃப்-நன்-மேட்ச்' வரும்போது பதிலைத் தயாரிக்கும் கன்ட்ரோலரை எழுப்பாமலேயே சேமித்த ஈடேக்கோடு ஒப்பிட்டு 304 தந்துவிடுகிறது. தொடங்குவதற்கு இதைவிட எளிதான வழி இல்லை. நானும் இதில்தான் தொடங்கினேன்.

எங்கள் பதிலின் ஓரத்தில் 'உருவான நேரம்' என்று ஒரு புலம் இருந்தது. யாரோ எப்போதோ பிழை தேடுவதற்காகச் சேர்த்தது. என் கணினியில் ஒரே கிளையன்ட்டை வைத்துச் சோதித்தபோது எல்லாம் 304 ஆகவே வந்தது. உண்மையான பயன்பாட்டுக்குப் போனதும் 304 ஏறத்தாழ மறைந்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. ஈடேக் இல்லாமல் முதன்முறையாக வரும் ஒவ்வொரு புதிய கிளையன்ட்டுக்கும் உடல் புதிதாக உருவாகி, நேரம் மாறி, ஹேஷும் மாறி, சேமிப்பில் இருந்த பழைய ஈடேக்கை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. முந்தைய கிளையன்ட் கையில் வைத்திருந்தது அதற்குப் பிறகு எதனோடும் பொருந்தவில்லை. தவறு எங்களுடையது, ஆனால் உடலை ஹேஷ் செய்யும் எந்த முறையிலும் உடலில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் தரவின் பதிப்பாகவே எண்ணப்படும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதைவிடக் கவலைக்குரியது எதிர்த்திசையில் நேரும் பிழை. இரவில் ஓடும் ஒரு வேலை நேரடியாகத் தரவுத்தளத்தில் விலையை மாற்றினால், மிடில்வேர் அதைப் பார்க்காது. சேமித்த ஈடேக் பழையதாகவே இருக்கும், கேட்பவருக்கு 'மாறவில்லை' என்ற பொய் விடை போகும். இயல்பான சேமிப்பு நினைவகத்தில் இருப்பதால், இரண்டு சர்வர்களில் ஒன்றுக்கு வந்த திருத்தம் மற்றொன்றுக்குத் தெரியாத நிலையிலும் இதுவே நடக்கும். சேமிப்பைப் பொதுவான இடத்துக்கு மாற்றவும், குறிப்பிட்ட ஈடேக்கைச் செல்லாததாக்கவும் அந்த லைப்ரரி வழி தருகிறது என்பது உண்மைதான். ஆனால் திருத்தம் நடக்கும் ஒவ்வொரு வழியிலும் அதை நினைவாகச் செய்ய வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

கேஷ்கவ் இந்தக் கேள்வியை வேறு விதமாக அணுகுகிறது. என் சார்பு இதன் பக்கம்தான் என்பதை மறைக்கவில்லை. எதுவும் எழுதித் தராவிட்டால் அதுவும் மாடலை (அனுப்ப வேண்டிய தரவுப் பொருளை) எழுத்துத்தொடராக்கி ஹேஷ்தான் செய்யும். அந்த நிலையில் வலைப்போக்குவரத்து மட்டுமே மிச்சமாகும், தரவுத்தளத்தின் சுமை குறையாது. பதிப்பை விசாரித்துச் சொல்லும் ஒரு சிறு வகுப்பை நாம் எழுதித் தந்தால்தான் அதன் பயன் தெரியும். எஸ்கியூஎல் சர்வரில் ஒவ்வொரு வரிசைக்கும் 'ரோவெர்ஷன்' என்ற 8 பைட் நெடுவரிசையை வைக்கலாம். அந்த வரிசையை யார் எந்த வழியில் திருத்தினாலும் தரவுத்தளமே அதை மாற்றிவிடும். கோரிக்கை வந்ததும் அந்த 8 பைட்டை மட்டும் படித்து, கிளையன்ட் தந்த ஈடேக்கோடு ஒத்துப்போனால் பதிலைத் தயாரிக்கும் ஆக்‌ஷனை ஓட்டாமலே 304 அனுப்பலாம். இணைப்புகள் நிறைந்த பெரிய வினவலும், பொருள்களை ஜேசனாக்கும் வேலையும் நடக்கவே இல்லை. இரவு வேலை செய்த திருத்தமும் தப்பாது.

பட்டியலுக்கு இது அவ்வளவு எளிதல்ல. பட்டியலில் உள்ள பதிப்புகளில் மிகப் பெரியதை மட்டும் ஈடேக்காக வைத்தால், ஒரு பழைய பொருள் நீக்கப்பட்டதை அது காட்டாது, ஏனெனில் பெரிய எண் அப்படியே இருக்கும். எண்ணிக்கையையும் சேர்த்து வைக்க வேண்டும். வடிகட்டிகள் பெருகப் பெருக இந்தச் சிறு வினவலே பெரிய வினவலுக்கு நிகரான செலவை இழுத்துவிடும். அத்தகைய இடத்தில் ஒட்டுப்பெயரோடு கூடிய அவுட்புட் கேஷிங்கையே வைக்கிறேன்.

கேஷ்கவின் மறுபாதி கிளையன்ட்டில் இருக்கிறது. டாட்நெட்டின் ஹெச்டிடிபிகிளையன்ட்டுக்குச் சொந்தமாக கேஷ் கிடையாது. எத்தனை அழகான ஈடேக்கை அனுப்பினாலும் அது அதைக் கவனிக்காது. கேஷ்கவின் ஹேண்ட்லரை இடையில் பொருத்தினால் சேமிப்பது, 'இஃப்-நன்-மேட்ச்' அனுப்புவது, 304 வந்தால் பழைய உடலை எடுத்துத் தருவது எல்லாம் தானாக நடக்கும். ஒரு சேவை மற்றொன்றை அழைக்கும் இடங்களில் இது தனியாகவே மதிப்புடையது. பயனருக்கே உரிய தரவும் அவரவர் கிளையன்ட்டில் தங்குவதால், சர்வர் கேஷில் ஆள்மாறும் அச்சம் எழுவதில்லை. அதற்கு ஈடாகக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் ஒரு வலைப்பயணம்.

ஒரே பதிவை இருவர் திருத்தும்போது 'இஃப்-மேட்ச்' ஹெட்டரில் வந்த ஈடேக்கைப் பார்த்து, பொருந்தாவிட்டால் 412 என்ற மறுப்பைத் தரும் வசதிக்காக மார்வினைத் தேர்ந்தெடுப்போரும் உண்டு. நான் அந்தக் காவலை மிடில்வேரிடம் விடமாட்டேன். ஒப்பிடும் கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் இடையில் இன்னொருவர் நுழைந்துவிடலாம். பதிப்பு எண்ணைத் திருத்தும் வினவலின் நிபந்தனையிலேயே வைத்தால் அந்த இடைவெளி இருக்காது.

எந்த லைப்ரரியை வைத்தாலும், செயலுக்குக் கொண்டுவரும் முன் ஒரு சோதனையைச் செய்து பார்க்கிறேன். ஏபிஐ வழியாக ஒரு பதிவைப் படித்து அதன் ஈடேக்கைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு ஏபிஐ-ஐத் தொடாமல் தரவுத்தளத்தில் நேரடியாக அந்த வரிசையின் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு, பழைய ஈடேக்கோடு மீண்டும் கேட்கிறேன். 200, அதாவது முழுப் பதில், வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். 304 வந்தால், அந்தப் பொய் எத்தனை வினாடிகள் நீடிக்கிறது என்பதைக் கடிகாரம் வைத்து அளக்கிறேன்.