எம்பிமாரிடம் கணக்குக் கேட்க ஆர்.ரி.ஐ: மட்டக்களப்பில் இந்தச் சேவை எப்படி?

பாராளுமன்ற உறுப்பினரின் பெயரில் ஊருக்கு வருகிற காசு எங்கே போனது என்று பார்க்க, சாதாரண ஆளிடம் இருக்கிற மலிவான வழி ஆர்.ரி.ஐ. என்கிற தகவல் அறியும் உரிமைதான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறைகிற ஒன்றரையில் ஒரு புள்ளி கந்தோர்களின் இழுத்தடிப்புக்கு. அரைப் புள்ளி, கேட்கிறவர்கள் கேள்வி எழுதுகிற லட்சணத்துக்கு.

சபைக்குள் எம்பி பேசியதற்காக அவர்மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. 1953 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சிறப்புரிமைச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு. அதே பேச்சைக் காந்திப் பூங்காவில் மைக் பிடித்துச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. குற்ற வழக்குக்கும் இல்லை. 2020 தேர்தலில் மட்டக்களப்பில் வென்ற சிவநேசதுரை சந்திரகாந்தன், ஒரு கொலை வழக்கில் விளக்கமறியலில் இருந்தபடி சிறைக்காவலர்களோடுதான் சபைக்குப் போனார். அந்த வழக்கு 2021 ஜனவரியில் முடிந்ததும் சட்டமா அதிபர் அதைத் தொடராததால்தான், சிறப்புரிமையால் அல்ல. 'எம்பியைத் தொடவே ஏலாது' என்று தேநீர்க் கடையில் சொல்வதெல்லாம் பாதி உண்மைகூட இல்லை.

சபையில் என்ன பேசினார் என்று அறிய விண்ணப்பம் போட்டு நாளை வீணாக்க வேண்டாம். சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்திலேயே இருக்கிறது. ஒரே சிக்கல், பேசிய மொழியில்தான் அச்சாகும். சிங்களத்தில் பேசியது சிங்களத்தில்தான் கிடைக்கும்.

ஆர்.ரி.ஐ. கைகொடுப்பது காசு விஷயத்தில். எம்பிமார் சிபாரிசு செய்யும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி மாவட்டச் செயலகத்தின் திட்டமிடல் பிரிவு வழியாகப் பிரதேச செயலகங்களுக்குப் போகும். கொங்கிறீட் வீதி, கோயில் மண்டபத்துக்கு ஓடு, மரண உதவிச் சங்கத்துக்குக் கதிரை என்று எதுவானாலும் அதற்கு ஒரு ஃபைல் இருக்கும். 'எம்பி எங்கள் ஊருக்கு என்ன செய்தார்?' என்று எழுதினால் 'அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும். அது பொய்யும் இல்லை. சட்டம் கொடுப்பது இருக்கிற பதிவை, விளக்கத்தை அல்ல. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி எல்லாம் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

இப்படி எழுதினால் தப்பிக்க இடமில்லை: 'இன்ன ஆண்டில், மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில், பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒவ்வொரு எம்பியும் சிபாரிசு செய்த வேலைகளின் பட்டியல். வேலையின் பெயர், கிராம சேவகர் பிரிவு, ஒதுக்கிய தொகை, செலவான தொகை, வேலையை எடுத்த சங்கம் அல்லது ஒப்பந்தக்காரர்.' இதை மாவட்டச் செயலகத்துக்குப் போடுங்கள். அளவீட்டுத் தாளும் கொடுப்பனவு வவுச்சரும் வேலையைச் செய்வித்த இடத்தில் இருக்கும் என்பதால், அதே நாளில் பிரதேச செயலகத்துக்கும் ஒன்று போடுங்கள். பட்டியலில் 'பூர்த்தி' என்று இருக்கிற வீதியின் நீளத்தை அளவீட்டுத் தாளோடு ஒப்பிட்டால், அங்கேதான் பல கதைகள் வெளிவரும்.

படிவம் கட்டாயமில்லை, வெள்ளைத் தாளே போதும். தமிழில் எழுதலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, கேட்டாலும் சொல்ல வேண்டாம். கையில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம், அனுப்பினால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சித்திரை வருசத்தோடு போட்டால் அந்த 14 எவ்வளவு நீளும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முதல் நான்கு ஏ4 பக்கத்துக்குக் காசில்லை.

மறுக்கும்போது வழக்கமாக வருவது இரண்டு. 'எம்பியிடம் அனுமதி வேண்டும்' என்பது ஒன்று. அரச காசில் நடந்த வேலைக்கு அப்படி ஒரு அனுமதி சட்டத்தில் இல்லை. மற்றது 5 ஆம் பிரிவில் உள்ள 'பாராளுமன்ற சிறப்புரிமை' என்ற விலக்கு. பெரிய இடமே இதைச் சொல்லித் தோற்றிருக்கிறது. சொத்து விபரம் கொடுத்த எம்பிமாரின் பெயர்ப் பட்டியலைத் தரப் பாராளுமன்றம் மறுத்தது. கொடுக்கச் சொன்னது தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மேன்முறையீடு எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள். சொத்து விபரத்துக்கோ இப்போது ஆர்.ரி.ஐ.யே தேவையில்லை. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தபின், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில், அந்தரங்க விபரங்கள் மறைக்கப்பட்ட பிரதியைப் பார்க்கலாம்.

பதிலே வராவிட்டாலும் அது மறுப்புத்தான். 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவருக்கு மூன்று கிழமை. அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் கோட்டை விடுவது முதல் 14 நாளில்தான். கந்தோரில் 'அடுத்த கிழமை வாங்க' என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள், அந்தக் கிழமையோடு தவணையும் போய்விடும். வாய்ப்பேச்சை நம்பாமல் மேன்முறையீட்டைப் போட்டுவிட்டுப் பிறகு போய் வாருங்கள்.

அம்பாறை மாவட்டத்துக்கும் இதே வழிதான், அங்கே பட்டியலைத் திகாமடுல்லத் தேர்தல் மாவட்ட எம்பிமாரின் பெயரில் கேட்க வேண்டும். கல்முனைக்காரர் கல்முனை, கல்முனை வடக்கு இரண்டு கந்தோருக்கும் ஒரே நாளில் ஒரே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். 'அது மற்ற கந்தோர்' என்ற பதிலுக்கு இடமிருக்காது.