இடப்பக்கம் குறை, வலப்பக்கம் பதில்: ஒரு பொறியியல் பீடத்தில் ஏழு ஆண்டுகள்

மாணவியாக ஐந்தரை ஆண்டு, தற்காலிகப் போதனாசிரியராக ஒன்றரை ஆண்டு என ஏழு ஆண்டுகள் ஒரே பொறியியல் பீடத்தின் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்தரை ஆண்டாக நீண்டதற்கு என் மண்டையைக் குறை சொல்ல வேண்டாம். 2019 இல் குண்டுவெடிப்பு, 2020 இல் கொரோனா, 2022 இல் பெற்றோலுக்கு வரிசை. பீடத்தின் பெயரும் வேண்டாம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போனவள் என்பது போதும்.

தர முகாமைத்துவம், அதாவது கற்பித்தலின் தரத்தைப் பார்த்துப் பேணும் ஏற்பாடு, என்ற சொல் எனக்கு முதலில் அறிமுகமானது கருத்துப் படிவமாகத்தான். ஒவ்வொரு பாடத்தின் கடைசி விரிவுரையிலும் கடைசிப் பத்து நிமிடத்தில் அது வரும். இருபது கேள்விகள், ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். கன்டீனில் சோறு தீர்ந்துவிடும் என்ற அவசரத்தில் எல்லோரும் நான்காம் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டு ஓடுவார்கள். முதல் ஆண்டில் நான் மட்டும் உட்கார்ந்து எழுதினேன். நீரியல் ஆய்வுகூடக் கையேட்டின் படத்தில் இருக்கும் வால்வு இயந்திரத்தில் இல்லை, அதைத் தேடியே அரை மணி நேரம் போகிறது என்று நான்கு வரிகள். பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு வந்த பிள்ளைகளும் அதே இல்லாத வால்வைத் தேடினார்கள். அதற்குப் பிறகு நானும் நான்காம் கட்டத்தில் கோடு இழுத்தேன்.

அந்தப் படிவங்கள் குப்பைக்குத்தான் போகின்றன என்று நினைத்திருந்தேன். போதனாசிரியராக உள்ளே வந்தபோது அது பிழை என்று தெரிந்தது. எல்லாம் பத்திரமாக இருந்தன. எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, 3.9 என்றோ 4.1 என்றோ கோப்பில் சேர்த்திருந்தார்கள். கையால் எழுதிய குறிப்புகளைத் தட்டச்சு செய்ய மட்டும் ஆள் இருக்கவில்லை. என் வால்வும் அந்தக் கட்டுக்குள் எங்கோ கிடந்திருக்கும்.

கோப்புகளைப் பழிப்பது சுலபம். நானும் நிறையப் பழித்திருக்கிறேன். ஆனால் அவற்றுக்கு ஒரு காரணம் உண்டு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அந்த நிறுவகத்தின் அங்கீகாரம் உள்ள பட்டம் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் சமமாக மதிக்கப்படும். லயத்து அறையிலிருந்து படிக்கப் போன பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? அந்த அங்கீகாரத்துக்காக ஒவ்வொரு பாடமும் எந்தத் திறனைத் தருகிறது என்று சான்றோடு காட்ட வேண்டும். அதிக புள்ளி, நடுத்தரம், குறைந்த புள்ளி என மாதிரி விடைத்தாள்களை எடுத்து வைக்க வேண்டும். வினாத்தாளை வேறொருவர் சீர்பார்க்க வேண்டும். விடைத்தாளை இரண்டாம் பரீட்சகர் பார்க்க வேண்டும். இந்தப் பகுதி உண்மையிலேயே வேலை செய்கிறது. உத்திரத்தின் நீளத்தைக் கொடுக்காமலே வளைவுத் திருப்பத்தை (பாரம் உத்திரத்தை வளைக்கும் விளைவின் அளவை) கேட்ட ஒரு கேள்வியைச் சீர்பார்த்தவர் பிடித்துத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். அது பரீட்சை மண்டபத்துக்குப் போயிருந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கதி என்ன?

மாணவர் ஆதரவுச் சேவைகள் அப்படியல்ல. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015 இல் வெளியிட்ட, பட்டப்படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் மீளாய்வுக் கையேட்டில் எட்டு அளவுகோல்கள் உள்ளன. மாணவர் ஆதரவு அவற்றில் ஒன்று. ஒவ்வொரு நியமத்துக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி. ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டால், நியமனக் கடிதத்தைக் காட்டலாம். எங்கள் அறிவித்தல் பலகையிலும் நான்கு பெயர்கள் இருந்தன. தமிழ் பேசத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மேற்படிப்புக்காக வெளிநாடு போய்விட்டார், பெயர் மட்டும் இரண்டு ஆண்டு பலகையில் தங்கியிருந்தது. முதல் செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தவறிய நாளில் அவருடைய அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். அன்றிரவு விடுதியில் என்னைத் தேற்றியவர் கொட்டகலையைச் சேர்ந்த ஒரு சிரேஷ்ட அக்கா. அவரும் முதல் செமஸ்டரில் மூன்றைத் தவறவிட்டவராம்.

உதவித்தொகைப் படிவத்தில் ‘மாத வருமானம்’ என்று ஒரே ஒரு கட்டம். அம்மா கொழுந்து பறிப்பவர். வேலை கிடைத்த நாட்களையும் பறித்த கிலோவையும் பொறுத்து மாதத்துக்கு மாதம் சம்பளம் மாறும். நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கக் கேட்டுத் தோட்டங்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழித்தபோது, அலுவலகத்தில் இருந்த சிங்கள நோனா ஒருவர் படிவத்தை வாங்கி, மூன்று மாதச் சம்பளத் துண்டுகளைக் கொண்டுவா, பின்னால் குத்தி அனுப்புகிறேன் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, என் சிங்களமோ பஸ்ஸில் இறங்கக் கேட்கும் அளவுதான். எப்படியோ இருவருக்கும் விளங்கியது. எந்தக் கோப்பிலும் இது சான்றாக இல்லை.

ஆங்கிலப் பயிற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். முதல் ஆண்டுத் தொடக்கத்தில் தந்த அந்தச் சில வாரங்கள் இல்லாவிட்டால் நான் வீட்டுக்கே திரும்பியிருப்பேன். ஆய்வறிக்கையில் ‘நான் அளந்தேன்’ என்று எழுதக் கூடாது, ‘அளக்கப்பட்டது’ என்றுதான் எழுத வேண்டும் என்பதை ஜீரணிக்கத்தான் நாளானது. மழையில் நனைந்து அளந்தது நானல்லவா?

கொரோனாக் காலத்தில், லேர்ன் என்று அழைக்கப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக சூம் வகுப்புகள் நடந்தன. அதற்குத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டாக் கட்டணம் எடுக்கவில்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சிக்னலை யாராலும் இலவசமாகத் தர முடியவில்லை. மாரியம்மன் கோயில் மேட்டில் ஒரு கையில் குடை, மறு கையில் போன், காலில் அட்டைக்கு உப்பு. பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட்டுக்கு ஐம்பது மணி நேர உழைப்பு. மேட்டில் ஏறி இறங்கிய நேரத்தை எந்தக் கிரெடிட்டில் போடுவது? ஒரு விரிவுரையாளர் மட்டும் வீடியோவோடு குரல் பதிவையும் குறிப்புகளையும் தனியாக அனுப்பினார். அந்தப் பாடத்தில்தான் எனக்கு ஏ கிடைத்தது.

நான் பார்த்த மிகச் சிறந்த தர முகாமைத்துவம் கட்டடப் பொருள் ஆய்வுகூடத்தில் சீ.ஆர். கொப்பி எனப்படும் ஒரு தடித்த குறிப்பேட்டில் இருந்தது. அங்கிருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடப்பக்கத்தில் குறையையும் திகதியையும் எழுதுவார். வலப்பக்கத்தில் என்ன செய்தார், யார் செய்தார் என்று எழுதுவார். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்த வரிக்குச் சிவப்புக் கோடு. அழுத்தச் சோதனை இயந்திரம் சரியாக அளக்கிறது என்று காட்டும் அளவுத்திருத்த ஒட்டி காலாவதியானது 2022 இல். ஆளைக் கூப்பிடப் பணமில்லை. சிவப்புக் கோடு பத்து மாதம் நின்றது. அந்தப் பத்து மாதமும் சோதனை அறிக்கை ஒவ்வொன்றிலும் அவர் அதைக் குறிப்பிட்டே கையெழுத்திட்டார். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த மார்ச் மாதக் கடைசியில், மின்சாரம் இருக்கும் விடியற்காலையில் வந்து எங்கள் கொன்கிரீட் கட்டைகளை உடைத்து வலிமையைச் சோதித்துக் கொடுத்தார். 150 மில்லிமீற்றர் கொன்கிரீட் கட்டையை 28 ஆம் நாள் உடைக்க வேண்டும். மின்வெட்டு அட்டவணையைக் கேட்டுக் கொன்கிரீட் இறுகுமா?

போதனாசிரியரானதும் அந்தக் கொப்பியைப் பார்த்து நானும் ஒன்று தொடங்கினேன். படிவங்களின் பின்பக்கக் குறிப்புகளை இடப்பக்கத்தில் எழுதி, பாடப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய் வலப்பக்கத்தை நீட்டுவேன். முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாவது செமஸ்டரில் வால்வுப் படம் மாறியது. முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முப்பத்தொரு வரிகளில் பதினான்குக்குச் சிவப்புக் கோடு இன்னும் நிற்கிறது.

படிவம் இணையத்துக்கு மாறிய பிறகு ஒரு பிள்ளை தமிழில் எழுதியிருந்தது. அறிக்கை தயாரித்தவர் அதை ‘வாசிக்க முடியாத பதில்’ என்று ஒதுக்கியிருந்தார். எடுத்து வாசித்தேன். வெள்ளிக்கிழமை ஆய்வுகூடம் ஐந்தரைக்கு முடிகிறது, ஹட்டன் பக்கம் போகும் கடைசி நேரடி பஸ் ஐந்தே காலுக்கு, கம்பளையில் இருட்டில் நிற்கப் பயமாக இருக்கிறது. மூன்றே வரிகள். மொழிபெயர்த்து இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். அடுத்த செமஸ்டர் அட்டவணையில் அந்த வகுப்பு இரண்டு மணிக்குப் பதிலாக ஒரு மணிக்குத் தொடங்கியது.